இது நடந்தால் அது

குளியலறையிலிருந்து இன்னும் தண்ணீர் ஊற்றும் சத்தம் வரவில்லை. வராதவரைக்கும் நல்லது. வராதவரைக்கும் அவர் புழக்கடையில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் பழைய துண்டோடு, உச்சந்தலையிலிருந்து பாதம்வரை நல்லெண்ணெய் மினுங்க உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். சனிக்கிழமைதோறும் நல்லசிவம் எண்ணெய் ஊறவிடும் நேரம்தான் இந்த வீட்டில் பூங்கோதைக்கென்று கிடைக்கிற நேரம். மற்ற நாளில் உரக்கடையைச் சாத்தியும் சாத்தாமலும் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் வந்து நிற்பார், போனில் யாரோடு பேசுகிறாய் என்று கேட்கக்கூட மாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான். எண்ணெய் தேய்த்துக்கொண்ட மனிதர் மட்டும் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. தரை வழுக்கும், கறை பிடிக்கும் என்று அவரே போட்ட சட்டம், யார் மீறினாலும் மீறாவிட்டாலும் அவர் மீறமாட்டார். அந்தச் சட்டத்தை நம்பித்தான் பூங்கோதை சமையலறைத் தரையில், சார்ஜர் வயர் எட்டுகிற தூரத்தில், சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் ரசம் நுரை கட்டக் காத்துக்கொண்டிருந்தது. போனில் மூன்று செயலிகள் வரிசையாக நின்றன. மூன்றும் ஒரே வாக்குறுதியைத்தான் தந்தன: தினமும் கையால் செய்கிற வேலையை இனி நீங்கள் செய்ய வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். என்ன வேலை என்று தெரிந்தால் பார்த்துக்கொள்வார்களா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

வேலை என்ன பெரிய வேலை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு, கோபி பஸ் நிலையத்தில் இறங்கியதும் போனை ஓசையில்லாமல் ஆக்க வேண்டும். டெய்லர் அக்கா என்ற பெயரில் வந்த அழைப்பு, போன அழைப்பு எல்லாவற்றையும் தேடித்தேடி அழிக்க வேண்டும். காலையில் எல்.கே.ஜி. வகுப்புக்குள் நுழைந்ததும் மறுபடி ஓசை வைக்க வேண்டும். இரண்டு வருஷமாக இதைச் செய்கிறாள், பல் விளக்குகிற மாதிரி ஆகிவிட்டது. டெய்லர் அக்கா ஒரு ரவிக்கையும் தைத்ததில்லை. டெய்லர் அக்கா திருப்பூரில் ஒற்றை அறை வீட்டில், ஒன்பது மாத வயிற்றோடு, பைக் மெக்கானிக் ஒருவனுக்குப் பெண்டாட்டியாக இருக்கிறாள். அவள் பெயர் தாரணி. பூங்கோதையின் மகள். போன வாரம் ஒரு நாள் மட்டும் காலையில் ஓசை வைக்க மறந்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்து மகளுக்கு வயிறு இறுக்கிப் பிடித்திருக்கிறது, அவன் வண்டி எடுக்கப் போயிருக்கிறான், இவள் தனியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மாவைத் திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறாள். போன் கைப்பைக்குள் ஊமையாகக் கிடக்க, அம்மா இங்கே நாற்பது பிள்ளைகளுக்கு யானை பாட்டு நடத்திக்கொண்டிருந்தாள். பொய் வலிதான், ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அழுது அழுது மன்னிப்புக் கேட்டபோது தாரணி, "செரி உடும்மா, நீ வேலையா இருந்திருப்பே" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. கோபமே இல்லாமல் சொன்னாள். அம்மா இருக்கமாட்டாள் என்று பழகிவிட்டவள் சொல்கிற மாதிரி இருந்தது. 

மறதியை நம்பக்கூடாது, அதற்குத்தான் செயலி. கம்ப்யூட்டர் மிஸ் ரெஜினாதான் இதைச் சொன்னது. வகுப்பில் போன் தொந்தரவாக இருக்கிறது, தானாக அடங்கித் தானாக எழுகிற மாதிரி ஏதாவது உண்டா என்று பாதி உண்மையைப் பொட்டலம் கட்டிக் கேட்டாள் பூங்கோதை. ரெஜினா உற்சாகமாகக் கரும்பலகையில் இரண்டு பெட்டி வரைந்தாள். ஒன்றில் இது நடந்தால் என்று எழுதினாள், இன்னொன்றில் அதைச் செய் என்று எழுதினாள், நடுவில் ஒரு அம்பு. அவ்வளவுதான் மிஸ், நீங்க ரெண்டு பெட்டியையும் ரொப்பினாப் போதும் என்று சொன்னாள். பூங்கோதை மனசுக்குள் ரொப்பிப் பார்த்தாள்: வீட்டு வைஃபை கிடைத்தால், ஓசையை அடக்கு. இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், மெல்ல அதிரு, கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று நீயே பதில் அனுப்பு, பட்டியலில் இருந்து அழித்துவிடு. கடைசிப் பெட்டியைப் பூங்கோதை ரெஜினாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எதற்கு அழிக்கிறீர்கள் என்ற கேள்வி வரும். அதனால் மூன்றில் எது நல்லது என்ற ஆலோசனையும் அரைகுறையாகவே கிடைத்தது, வைத்தியரிடம் வலிக்கிற இடத்தைக் காட்டாமல் மருந்து கேட்டவள் கதைதான்.

முதல் செயலியைத் திறந்தாள். ஆங்கிலம். நுணுக்கி நுணுக்கி எழுத்து. திறந்ததும் அது அவளைப் பற்றி ஒன்றும் கேட்காமல் அனுமதி கேட்டது. தொடர்புகளைப் பார்க்கலாமா, அழைப்புகளைப் பார்க்கலாமா, நீங்கள் இருக்கும் இடத்தைப் பார்க்கலாமா. வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால்கூட முதல் நாளே பீரோ சாவியைக் கேட்கமாட்டாள். பூங்கோதை விரலைத் தூக்கி, கீழே வைக்காமல் காற்றில் நிறுத்தினாள். இருக்கும் இடத்தைப் பார்த்து இதற்கு என்ன ஆகப்போகிறது. ஒரே ஒரு தடவை பி.டி.ஏ. மீட்டிங் என்று சொல்லித் திருப்பூர் போய் வந்தாளே, அதையும் இது பார்த்திருந்தால் எங்காவது எழுதி வைத்திருக்கும். எழுதி வைத்தது ஒரு நாள் அவர் கண்ணில் படும். பட்டால். பட்டால் என்ற இடத்தில் மனசு எப்போதும் நின்றுவிடும், செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்ட மாதிரி, எவ்வளவு இழுத்தாலும் கால்தான் வெளியே வரும். தாரணி அந்த மெக்கானிக்கோடு போன மூன்றாம் நாள் அவர் தயிர்சாதம் பிசைந்துகொண்டே, குரலை ஏற்றாமல் சொன்னார். "அவகிட்ட ஒரு வார்த்தை பேசுனீன்னு என் காதுக்கு வந்துச்சுன்னா, அன்னிக்கே நீ தாலியக் கழட்டி வெச்சுக்கலாம். அவ பேரும் இந்த ஊட்ல இனிக் கேக்கக் கூடாது." சொல்லிவிட்டு ஊறுகாய் எங்கே என்று கேட்டார். அவள் எழுந்துபோய் ஊறுகாய் எடுத்து வந்து வைத்தாள். உரக்கடைக்காரர். கடையில் அலமாரி அலமாரியாக என்ன பூச்சிமருந்து இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வீம்புக்கு வாழ்கிற மனிதர், வீம்புக்குச் சாகவும் செய்வார். அன்றிலிருந்து அவர் கடையிலிருந்து வரச் சுணங்கினால் போதும், அவள் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருப்பாள். மகளோடு பேசியதால் புருஷனைக் கொன்றவள், புருஷனுக்குப் பயந்து மகளைக் கைவிட்டவள், இரண்டில் எந்தப் பட்டம் வேண்டும் என்று யாரோ தினமும் கேட்கிற மாதிரி இருக்கும். வேண்டாம், ஆங்கிலச் செயலி வேண்டாம். மூடினாள்.

புழக்கடையில் அவர் கனைத்தார். பூங்கோதைக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. போனைக் கவிழ்த்தாள். ரசத்தைப் பார்ப்பவள்போல் எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை, வெறும் கனைப்புதான். தலையில் எண்ணெய் போகத் தேய்க்கும் அரப்புத்தூளைக் கஞ்சித் தண்ணீரில் குழைத்துப் போசிப் பாத்திரத்தில் வைத்தாயிற்று, பாய்லரில் தண்ணீர் கொதித்தாயிற்று, இனி அவர் எழுந்து குளியலறைக்குள் போக வேண்டும், சொம்பு சத்தம் தொடங்க வேண்டும், நடுவில் ஒரு தடவை கூப்பிடுவார், முதுகு தேய்த்துவிட. கூப்பிட்டால் போக வேண்டும். எதைச் செய்துகொண்டிருந்தாலும் போக வேண்டும். ஒரு தடவை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, போனாள். ஒரு தடவை வாசலில் அவள் தம்பி வந்து நின்றான், அவனை நிற்கவைத்துவிட்டுப் போனாள். முதுகு தேய்க்கக் கூப்பிட்டால், போ. பூங்கோதைக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது, சந்தோஷச் சிரிப்பில்லை. ரெஜினா வரைந்த இரண்டு பெட்டியும் அம்பும் இந்த வீட்டில் செயலி வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே வேலை செய்துகொண்டிருந்தன. ஸ்கூட்டர் முக்கில் திரும்பும் சத்தம் கேட்டால், டிவியை அணை. செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டால், பாடுவதை நிறுத்து, புத்தகத்தை எடு. அது தாரணியின் பெட்டி. நல்லாப் பாடுவாள் அந்தப் பிள்ளை. பாதி வரியில் அப்படியே விழுங்கிக்கொண்டு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள், அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்குவார்கள். அன்று அது விளையாட்டாக இருந்தது. பாட்டை விழுங்கி விழுங்கி ஒரு பெண் என்ன ஆவாள் என்று யோசித்திருக்க வேண்டியவள் யார். மேற்கொண்டு அந்த வழியில் போகப் பிடிக்காமல் அவள் இரண்டாவது செயலியைத் தொட்டாள்.

இது தமிழ். பச்சைக் கிளி படம் போட்டு, வணக்கம், இன்று உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டது. மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் உங்கள் பெயர் என்ன என்றது, பூங்கோதை என்று அடித்தாள். உங்களுக்கு மிகவும் முக்கியமான ஒருவரின் பெயரைச் சேர்க்கவும் என்றது. விரல் தானாகத் தா என்று அடித்தது. பிறகுதான் பார்த்தாள். பதறி அழித்தாள், அழித்த இடத்தை உற்றுப் பார்த்தாள், எழுத்து மிச்சம் இருக்குமோ என்று. இந்த வீட்டில் இல்லாத பெயர். ரேஷன் கார்டில் இருக்கும், சுவரில் மாட்டியிருந்த பரிசுச் சான்றிதழில் இருந்தது, அதை அவர் எங்கே கொண்டுபோய் வைத்தாரோ. பூங்கோதைக்காவது பள்ளிக்கூடம் இருந்தது. இந்த வருஷ எல்.கே.ஜி.யில் ஒரு தாரணி சேர்ந்திருக்கிறாள், முன்பல் உடைந்த குட்டி, மூக்கொழுகி. தினமும் வருகைப்பதிவு எடுக்கும்போது அந்தப் பெயரில் மட்டும் பூங்கோதை கொஞ்சம் தங்குவாள். தாரணி. அந்தக் குட்டி கையைத் தூக்கி யெஸ் மிஸ் என்று சொன்ன பிறகும் இன்னொரு தரம் சொல்லத் தோன்றும். காதுகேளாத டீச்சர் என்று பிள்ளைகள் நினைத்திருக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும். அவருக்கு உரக்கடையில் அந்த வசதியும் கிடையாது என்பது முதல்தடவையாக இப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் எரிச்சலாக வந்தது. அவருக்கென்ன, வேண்டாம் என்று தள்ளியவர் அவர்தானே. தள்ளிவிட்டு, டெய்லர் அக்கா பெயரைப் போனில் பார்த்து, "ரெண்டு வருசமாத் தெக்கறா, ஒரு ரவிக்கையவும் காணமே" என்று கிண்டலும் செய்தார் போன மாசம். கிண்டல்தானா அது. அன்றைக்கு இரவெல்லாம் அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள், உள்பக்கம் ஏதாவது தைத்திருக்கிறதா என்று. ஒன்றும் தெரியவில்லை. கிளி இன்னும் காத்துக்கொண்டிருந்தது. முக்கியமானவர் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போகமாட்டேன் என்றது. அதையும் மூடினாள்.

குளியலறைக் கதவு கிறீச்சிட்டது. முதல் சொம்பு விழுந்தது. சளார். பூங்கோதையின் உள்ளங்கை வேர்த்தது, திரை விரலை ஏற்க மறுத்தது, சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு மூன்றாவதைத் திறந்தாள். இதுதான் கடைசி. இதுவும் சரிப்படாவிட்டால் அடுத்த சனிக்கிழமைதான், அதுவரை தாரணி தாங்குவாளா என்று யாருக்குத் தெரியும், டாக்டர் எப்போது வேண்டுமானாலும் என்றுதானே சொல்லியிருக்கிறாள். மூன்றாவது செயலி அதிகம் பேசவில்லை. ஏற்கெனவே தைத்து வைத்த சட்டைகளைப்போல் சில விதிகளைத் தொகுத்து வைத்திருந்தது. வாகனம் ஓட்டும்போது. தூங்கும்போது. கூட்டத்தில் இருக்கும்போது. கை வேலையாக இருக்கும்போது. கடைசியில் நின்றாள். கை வேலையாக இருக்கும்போது: அழைப்பு மணி அடங்கும். அழைத்தவருக்கு உடனே பதில் போகும். அதற்குக் கீழே மேலும் என்று நீல எழுத்தில் இருந்தது. சளார். சளார். சொம்பு சத்தம் நின்றது. நின்றால் அரப்புத் தேய்க்கிறார் என்று அர்த்தம். அரப்புத் தேய்த்தால் அடுத்து முதுகு. எந்த நிமிஷமும் கூப்பிடுவார். மேலும் என்பதைத் திறந்து படிக்க நேரமில்லை, இருக்கிற இரண்டும் நல்ல விதிதானே, மூன்றாவதும் நல்லதாகத்தான் இருக்கும். அனுமதி கேட்டது, கொடுத்தாள். இன்னொன்று கேட்டது, கொடுத்தாள். எதைக் கேட்கிறது என்று பார்ப்பதை நிறுத்திவிட்டாள், கல்யாண வீட்டில் மொய்யெழுதுகிறவரிடம் பெயர் சொல்வதுபோல ஆமாம் ஆமாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். தொடங்கு என்ற பொத்தான் வந்தது. தொட்டாள். விதி செயல்பாட்டில் உள்ளது என்றது போன்.

அவ்வளவுதானா. இவ்வளவு லேசா. அவள் சுவரில் சாய்ந்தாள். ரசம் நுரை கட்டி ஏறியது, கை நீட்டி அடுப்பை அணைத்தாள். இனி மறந்தாலும் பரவாயில்லை. இனி மகள் அழைத்தால் போன் சத்தம் போடாது, பதில் அதுவே போய்விடும், அம்மா இருக்கிறாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அழைப்பை அழிப்பதை மட்டும் கையால் செய்துகொள்ளலாம். அவர் இன்னும் கூப்பிடவில்லையே என்று யோசித்தாள். அரப்புத் தேய்க்க இவ்வளவு நேரம் ஆகாது. கண்ணில் அரப்புப் பட்டிருக்குமா. தடுக்கி விழுந்திருப்பாரா. எழுந்துபோய்ப் பார்க்கலாமா என்று காலை ஊன்றியபோது போன் வாய் திறந்தது.

ரயில் நிலையத்தில் வண்டி வருகை சொல்கிற பெண்ணின் குரல். நிதானமாக, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து வைத்துப் படித்தது. "டெய்லர் அக்கா அனுப்பிய செய்தி. அத்தை. தாரணிக்கு வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். தாரணி உங்களத்தான் கேட்டுட்டே இருக்கறா."

மேலும் என்பதற்கு அடியில் இருந்த மூன்றாவது விதி அதுதான். கை வேலையாக இருக்கிறவர்களுக்குச் செய்தியைப் படித்துக் காட்டுமாம். மாப்பிள்ளைக்குக் கையெல்லாம் எப்போதும் கிரீஸ், போனைத் தொடாமல் வாயால் சொல்லித்தான் செய்தி அனுப்புவான், அவன் தாரணியின் போனில் சொன்னது சொன்னபடி வந்து இந்த வீட்டுக் கூரையில் முட்டிக்கொண்டு நின்றது. பூங்கோதை போனை இரண்டு கையாலும் பொத்தினாள். பொத்தி என்ன செய்ய. சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள எந்தச் செயலியாலும் முடியாது. வலி வந்துவிட்டது என்பது ஒரு காதில் ஏறியது, அவர் கேட்டிருப்பார் என்பது இன்னொரு காதில் ஏறியது, இரண்டும் நடுவில் மோதின. தாலிமேல் கை போனது. குளியலறைக் கதவு திறந்தது. காலடிச் சத்தம் புழக்கடையிலிருந்து கூடத்துக்கு வந்தது. உள்ளே வராத மனிதர் உள்ளே வந்தார்.

சமையலறை வாசலில் நல்லசிவம் நின்றார். தலையெல்லாம் அரப்பு. நெற்றி வழியாகப் பச்சையாக ஒழுகிக் கண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை. அவருக்குப் பின்னால் கூடத்துத் தரையில் எண்ணெய்ப் பாதங்கள் வரிசையாகப் பளபளத்தன. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் கையில் இருந்த போனைப் பார்த்தார். கடைக்குப் போவாரா, கத்துவாரா, அப்படியே சரிவாரா என்று பூங்கோதை அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  

"அதைய இன்னொருக்கா சொல்லச் சொல்லு" என்றார்.

எந்தப் பொத்தானை அழுத்தினால் திருப்பிச் சொல்லும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அங்கே தொட்டாள், இங்கே தொட்டாள், அது இன்னொரு அனுமதி கேட்டது. அவர் நின்றார். இரண்டு வருஷம் இந்தப் பெயர் கேட்காமல் இருந்த மனிதர் ஒரு இயந்திரத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு பிச்சைக்கு நிற்கிற மாதிரி நின்றார். அவளுக்குப் பரிதாபமாக இருந்தது. பரிதாபத்துக்கு அடியிலிருந்து கோபம் கொதித்து வந்தது, இதற்காகவா, இவருக்கா நான் இத்தனை நாள் பயந்தேன், இவர் சொன்ன ஒரு வார்த்தைக்கா என் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். போன் பேசவில்லை. அவர் திரும்பி, வந்த பாதங்களின்மேலேயே நடந்து குளியலறைக்குப் போனார். சொம்பு விழத் தொடங்கியது, ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. பிறகு குரல் வந்தது.

"ஏ புள்ள, முதுகு தேச்சு உடு வா. ஆஸ்பத்திரிக்கு வெசையாக் கெளம்போணும்."

பூங்கோதை எழுந்துவிட்டாள். கால் அதுவாக எழுந்தது, சமையலறை வாசல்வரை அதுவாகப் போனது. எண்ணெய்ப் பாதம் ஒன்றின் முன்னால் நின்றது. அவள் குனிந்து போனைப் பார்த்தாள். டெய்லர் அக்கா என்ற பெயரைத் தொட்டாள். ஒரே மணியில் எடுத்தார்கள், மறுமுனையில் மகள் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது.  இரண்டு வருஷமாக ரகசியம் பேசியே பழகிய தொண்டையை அவள் செருமிச் சரிசெய்துகொண்டு, கூடம் முழுக்கக் கேட்கிற குரலில், வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில் சொன்னாள்.

"தாரணி. கண்ணு, தாரணி, அம்மா பேசறேன்."

குளியலறையில் சொம்பு சத்தம் நின்றது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் இன்னும் ஒரு தரம் சொன்னாள்.